அணைக்கரையில் ஒரு பூங்கா: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பூங்காவைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காவேரிப்பட்டணத்து ஆசிரியை ஒருவர் தம் வகுப்புச் சிறுமி கேட்ட கேள்வியை அனுப்பியிருந்தார். அதைப் படித்த பிறகு மற்றக் கேள்விகளுக்கு மனம் போகவில்லை. அவை அடுத்த இதழில் வரும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு சிறுமி, "டீச்சர், இந்தப் பார்க்கு யாரோடது?" என்றாள். "கவர்மென்டோடது" என்றேன். "அப்புறம் ஏன் நம்மள உள்ள விடறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அணைக்கு அடியில் பூங்கா வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்து விளக்க வேண்டுகிறேன்.
— ஓர் ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, உங்கள் மாணவியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்கா அவளுடையது. அவள் உள்ளே வருவது யாரோ இரக்கப்பட்டு விட்டதனால் அன்று. அவளுடைய பாட்டன் காலத்து மக்களின் வரிப்பணத்தில், அந்த மக்களின் நிலத்தில் அது அமைந்தது என்பதனால்தான். அரசு அதைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்தச் சிறுமிக்கு இது புரியும் என்றே நம்புகிறேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிப் பக்கமாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டத்தை, அன்றைய முதலமைச்சர் காமராசர் 1957 நவம்பர் 10 அன்று திறந்துவைத்தார். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டமும் இல்லை, தருமபுரி மாவட்டமும் இல்லை. எல்லாம் சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றும், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகவே அந்த அணைக்கு நம் இரண்டு மாவட்டங்களையும்விட வயது அதிகம். அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. இடப்புறமும் வலப்புறமும் பிரியும் இரண்டு கால்வாய்கள் 9,012 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. நம் மக்கள் 'கிருஷ்ணகிரி ரிசர்வாயர் பிராஜெக்ட்' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'கே.ஆர்.பி. டேம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அணைக்கு அடியில் ஏன் பூங்கா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு அழகைவிட முந்திய காரணங்கள் உண்டு. அணை கட்டும்போது கரைக்குக் கீழே ஒரு பெரிய நிலப்பரப்பை அரசு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்லும் மண்ணும் குவித்துவைக்கவும், வேலையாட்கள் தங்கவும், வண்டிகள் திரும்பவும் அந்த இடம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அங்கே வீடு கட்ட விடமுடியாது. ஏனெனில் கரையின் அடிப்பகுதி எப்போதும் கண்ணில் படும்படி திறந்து கிடக்க வேண்டும். நீர் எங்கே கசிகிறது, கசிவு தெளிவாக வருகிறதா, மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக வருகிறதா என்பதைப் பொறியாளர்கள் நடந்து பார்க்கும் இடம் அது. காடு மண்டவிட்டாலும் ஆபத்து, கட்டடம் எழவிட்டாலும் ஆபத்து என்னும்போது, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் தோட்டமே அந்த நிலத்துக்கு ஏற்ற பயன் ஆகிறது. மேலே தேங்கி நிற்கும் நீருக்கும் கீழே உள்ள நிலத்துக்கும் மட்ட வேறுபாடு இருப்பதால், மோட்டார் இல்லாமலே குழாய் வழியாக நீரைக் கொண்டுவந்து செடிக்குப் பாய்ச்சலாம், ஊற்றாகப் பீய்ச்சவும் செய்யலாம்.

இந்த வசதியைத் தென்னாட்டில் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியது மைசூர் அரசு. காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை 1911-இல் தொடங்கியது. தலைமைப் பொறியாளராக இருந்து அதை நடத்தியவர் விசுவேசுவரய்யா. அணைக்குக் கீழே பிருந்தாவனத் தோட்டத்தை உருவாக்கும் பணி, திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் 1927-இல் தொடங்கி 1932-இல் நிறைவு பெற்றது. காஷ்மீரத்தின் ஷாலிமார் தோட்டத்தைப் போலப் படிப்படியாக இறங்கும் தளங்களும், நடுவில் ஓடும் நீரும் வைத்து அமைத்தார்கள். தருமபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கல்யாணமான புதிதில் மைசூர் போய்வந்தவர்கள் வீட்டில், பிருந்தாவனத்து நீரூற்றின் முன் நின்று எடுத்த படம் ஒன்று இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அங்கும் கரையின் அடியில் பூங்கா அமைந்தது. விடுதலைக்குப் பிறகு ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் பவானிசாகர் 1955-இலும், நம் கிருஷ்ணகிரி அணை 1957-இலும், இதே தென்பெண்ணையில் கீழே சாத்தனூர் அணை 1958-இலும், வைகை அணை 1959-இலும் வந்தன. இவை ஒவ்வொன்றிலும் அணையோடு ஒரு பூங்காவும் இருக்கிறது. சாத்தனூரில் முதலைப் பண்ணையும் உண்டு. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் மக்கள், தங்கள் பணத்தில் எழுந்த பெரிய வேலையைத் தாங்களே வந்து பார்க்க வேண்டும், வந்தவர்கள் உட்கார ஒரு நிழல் வேண்டும் என்ற எண்ணம் இதில் இருந்தது என்று நான் கருதுகிறேன். வாய்க்கால் தண்ணீர் பாயாத ஊர்க்காரருக்கும் அந்த அணையில் பங்கு கொடுத்தது பூங்காதான்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேட்டூர் நீர்த்தேக்கம் பென்னாகரம் வட்டத்து நாகமரை வரை விரிந்து கிடக்கிறது. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், எதிர்க்கரையான பண்ணவாடிப் பக்கத்தில் ஒரு பெரிய நந்தியும் ஒரு மாதா கோயிலின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தெரியும். அணை கட்டியபோது காலி செய்துவிட்டுப் போன ஊர்களின் கோயில்கள் அவை. தண்ணீர் தேங்கும் எந்த இடமும் அதற்கு முன் வெறும் பள்ளமாக இருந்ததில்லை. ஒருவர் உழுதிருப்பார், ஒருவர் ஆடு மேய்த்திருப்பார். அணைப் பூங்காவை நான் மக்களுடையது என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று.

கேள்வி: பொதுப் பூங்கா என்பதே ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று வகுப்பில் சொன்னார்கள். தமிழர்களிடம் பூங்கா இருந்ததில்லையா?
— கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, இருந்தது. பொழில், தண்டலை, சோலை, கா, நந்தவனம் என்று சொற்கள் மட்டுமே எத்தனை இருக்கின்றன! ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் 'பொது' என்ற சொல்லில் இருக்கிறது; அதைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை என்று ஒரு பகுதி உண்டு. மணிமேகலை பூக் கொய்யப் போக வேண்டும். எந்தச் சோலைக்குப் போவது என்ற பேச்சு வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் சோலைகளை அவளுடைய தோழி சுதமதி ஒவ்வொன்றாக எண்ணிக் கழிக்கிறாள். இலவந்திகைக்குப் போனால் அங்கே அரசனின் ஆட்கள் இருப்பார்கள். உய்யானம் தேவர்களுக்குரியது, மனிதர் நுழைய விரும்பமாட்டார்கள். சம்பாதி வனத்தையும் கவேர வனத்தையும் அச்சம் தரும் பழந்தெய்வங்கள் காக்கின்றன. கடைசியில் உவவனம் ஒன்றே மிஞ்சுகிறது. நான் இந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். சோலைகளின் அழகை முதலில் சொல்லாமல், எதற்குள் யார் நுழையலாம் என்ற கணக்கைச் சொல்வது வியப்பாக இருக்கும். பூக் கொய்யப் போகும் ஓர் இளம்பெண்ணுக்கு ஊரில் உள்ள சோலைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பூங்காவின் வரலாற்றை எழுதுவதானால் அதன் வாசலிலிருந்துதான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்து மக்களுக்கு வாசல் இல்லாத இடங்களும் இருந்தன. ஏரிக்கரைத் தோப்பு, ஊர்ச் சாவடி முன்னால் உள்ள அரசமரத்து மேடை, ஆற்றோரத்துப் புளியந்தோப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. ஆடிப் பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு, பொழுதுபோக்கும் வழிபாடும் நீராட்டமும் ஒரே இடத்தில் நடந்த வழக்கம் நமக்குப் புதிதில்லை என்று தெரியும். ஆனால் இவையும் எல்லாச் சாதியாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்தன என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சில கரைகளில் சிலர் இறங்க முடியாமல் இருந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நகராட்சியே செலவு செய்து, எவரும் வரலாம் என்று திறந்துவிடும் பூங்கா, தொழிற்சாலைப் புகை மண்டிய இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் ஊரில், ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் வகுத்த பூங்கா 1847-இல் திறக்கப்பட்டது. பொதுப்பணத்தில் எழுந்த முதல் பூங்கா என்று அதையே சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து 1850-இல் அதைப் பார்க்க வந்த ஓம்ஸ்டெட் என்பவர், பின்னர் வாக்ஸ் என்பவரோடு சேர்ந்து நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கை வகுத்தார். இன்று 843 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்காகச் செனிகா வில்லேஜ் என்ற குடியிருப்பை 1857-இல் காலி செய்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எல்லாருக்கும் திறந்த பூங்காவுக்காகவும் சிலர் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது.

சென்னையில் ஆளுநர் டிரெவிலியன் 1859-இல் பீப்பிள்ஸ் பார்க்கைத் தொடங்கினார். பெயரே மக்கள் பூங்கா. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடந்த அந்த 116 ஏக்கரில் குளங்களும் பாதைகளும் விலங்குக்காட்சிச் சாலையும் இருந்தன. பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: விக்டோரியா பொதுமண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் கட்டடம் வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்குப் போயின. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டிய நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் பூங்காவின் நிலத்தையே எடுத்ததால், இன்று அந்தப் பூங்காவைத் தேடினால் அங்குமிங்குமாகச் சில துண்டுகளே கிடைக்கின்றன.

கேள்வி: மன்றோ துரை நம் தருமபுரியில் தோட்டம் வைத்திருந்தார் என்று தாத்தா சொல்வார். உண்மையா?
— ஒரு வாசகி, குமாரசாமிப்பேட்டை

பதில்: உண்மைதான். திப்பு சுல்தானோடு 1792-இல் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் நில அளவையும் வரி விதிப்பும் செய்தார். இங்கே உருவான முறைதான், இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் பிற்காலத்து இரயத்துவாரி. அந்த ஏழு ஆண்டுகளில் தருமபுரியில் தம் கையால் ஒரு தோட்டத்தை வளர்த்தார். கன்னடக் கரைப் பகுதிக்கு மாற்றல் ஆனபோது அதைப் பிரிய மனமில்லாமல் வருந்திக் கடிதம் எழுதினார். இவரே பின்னாளில் சென்னை ஆளுநராகி 1827-இல் காலரா கண்டு இறந்தவர்.

அந்தத் தோட்டம் பூங்கா ஆகாது. அது ஒருவருடைய தோட்டம். ஆயினும், வரிக்கணக்கு எழுத வந்த அயலான் ஒருவன் நம் சிவப்பு மண்ணில் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றி, விட்டுப் போகும்போது கலங்கினான் என்பதை எண்ணும்போது, இந்த மண்ணில் பிறந்த நாம் ஊர்ப் பூங்காவின் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பெங்களூரு போய்விடுகிறோம். அங்கே லால்பாக், கப்பன் பார்க் என்று பெரிய பூங்காக்கள். நமக்கு ஏன் அப்படி வாய்க்கவில்லை?
— ஆலைத் தொழிலாளி, ஓசூர்

பதில்: லால்பாக்கைத் தொடங்கியவர் ஐதர் அலி, ஆண்டு 1760. நம் கிருஷ்ணகிரிக் கோட்டையும் அப்போது அவர் ஆட்சிக்குள் வந்த பகுதிதான். 40 ஏக்கர் அளவில் தொடங்கிய அரசத் தோட்டம், திப்புவின் கையிலும் பின்னர் வந்தவர்கள் கையிலும் வளர்ந்து இன்று 240 ஏக்கர் ஆகியிருக்கிறது. கப்பன் பார்க் 1870-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் சாங்கி வகுத்தது. ஒன்று அரசனுக்காகப் பிறந்தது, மற்றொன்று கண்டோன்மென்ட் ஊரின் வசதிக்காகப் பிறந்தது. அரசனும் படையும் இருந்த ஊர்களுக்குத் தோட்டம் அப்படி வாய்த்தது. ஓசூர் அப்போது சிற்றூர். ஆலைகள் வந்து ஊர் பெருகியபோது பூங்காவுக்கு என்று நிலம் ஒதுக்கிவைக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இராமநாயக்கன் ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்களைக் கேட்டால், ஓசூருக்கு எவ்வளவு திறந்தவெளி தேவை என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

பெங்களூருவின் பூங்காக்கள் பிழைத்திருப்பதற்கு அரசர்களைவிடச் சட்டமே பெரிய காரணம். கர்நாடகம் 1975-இல் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் செய்தது. நம் மாநிலத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் 16 ஆண்டு முன்னதாக, 1959-லேயே வந்துவிட்டது. பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தை வேறு வேலைக்குத் திருப்புவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். பெங்களூருவில் மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு வேண்டியதுதானே என்ற வாதத்தை ஏற்காமல், பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையின் மக்கள் பூங்காவுக்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கேள்வி: ஒகேனக்கல்லைப் பூங்கா என்று சொல்லலாமா?
— பென்னாகரம் வாசகர்

பதில்: சொல்ல வேண்டாம். அது ஆறு, புகைக்கல் என்று பொருள்படும் கன்னடப் பெயர் தாங்கிய பாறைப் பள்ளம். அங்கே பரிசல் ஓட்டுபவரும் எண்ணெய் தேய்த்துவிடுபவரும் மீன் பொரிப்பவரும் பிழைப்பு நடத்தும் உழைப்பிடம். பூங்காவை நாம் மூடித் திறக்கலாம். காவிரியில் நீர் கூடிவிட்டால் ஒகேனக்கல்லில் ஆறுதான் முடிவு செய்யும். பரிசல் நிறுத்தப்பட்ட நாளில் காவலரோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: நான் கே.ஆர்.பி. ஆயக்கட்டு விவசாயி. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நெல் காயும் ஆண்டிலும் பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். இது நியாயமா?
— பெயர் வேண்டாம் என எழுதிய வாசகர், பெரியமுத்தூர் அருகில்

பதில்: ஐயா, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். அதைத் தள்ளிவிட்டுப் பூங்காவைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வராது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். சில ஏக்கர் தோட்டம் குடிக்கும் நீர், 9,012 ஏக்கர் ஆயக்கட்டின் தேவையில் மிகச் சிறு பங்கு. உங்கள் வாய்க்காலைக் காய வைப்பவை வேறு. 2017 நவம்பர் கடைசியில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிவைத்த தண்ணீர் ஆற்றோடு போனதே, அந்த ஒரு நிகழ்ச்சியில் இழந்ததைப் பூங்கா எத்தனை ஆண்டுகள் புல்லுக்கு ஊற்றினாலும் செலவழித்திருக்காது. 60 ஆண்டு நீரில் நின்ற இரும்பை உரிய நேரத்தில் மாற்றுவதும், வாய்க்காலைத் தூர் வாருவதும், கடைமடை வரை முறை வைத்துத் தண்ணீர் விடுவதும்தான் உங்கள் நெல்லைக் காக்கும்.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் எனக்குக் கவலை தருகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு வருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து பொங்கும் காட்சியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியில் பார்க்கிறோம். அந்த ஆறுதான் கீழே நம் அணைக்கும் வருகிறது. உங்கள் வயலும் பூங்காவின் மரமும் ஒரே ஆற்றைத்தான் குடிக்கின்றன. ஆகவே பூங்காவுக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களை உங்கள் எதிரிகளாக நினைக்காதீர்கள். ஆற்றை நேரில் பார்த்தவர்கள்தாம் ஆற்றுக்காகப் பேசுவார்கள்.

புல்தரையைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நம் வெயிலுக்குப் புல்தரை ஒத்துவராது. சென்ற ஆடிப் பதினெட்டு அன்று அணைக்குப் போயிருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் பச்சைப் புல்லில் ஒருவரும் இல்லை. அத்தனை குடும்பங்களும் மரத்தடிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒரு புங்கமரத்தின் கீழே நான்கு வீட்டுப் பாய்கள். புதுத் தாலிக்கயிறு மாற்றி வந்த பெண் ஒருத்தி, மஞ்சள் ஈரம் காயாத கழுத்தோடு, பக்கத்துப் பாயில் இருந்த முன்பின் அறியாத பாட்டிக்குத் தூக்குவாளியிலிருந்து புளிச்சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் நகர நகர நிழலும் நகர்ந்தது. நான்கு பாய்களும் அதோடு சேர்ந்து நகர்ந்தன. புல்லைக் குறைத்து, புங்கனும் வேம்பும் நாவலும் இலுப்பையும் நீர்க்கரையில் மருதும் வைத்தால், முதல் மூன்று ஆண்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு அவை தாமாகவே வேர்விட்டு நிற்கும். ஒரே எச்சரிக்கை: இந்த மரங்களைக் கரையின் மேலும் கரையின் அடியை ஒட்டியும் வைக்கக் கூடாது. வேர் சென்ற வழியில் நீர் செல்லும். தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் 12 ஆண்டுக்கு முன் போட்ட மனைப்பிரிவில் 'பூங்கா' என்று வரைபடத்தில் காட்டித்தான் மனை விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் கல் நட்டுக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். கேட்டால் தனியார் இடம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— மனை வாங்கியவர்கள் சார்பில் ஒருவர், தருமபுரி மாவட்டம்

பதில்: இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைகள் நீங்கலாக உள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்த அன்றே அது விற்றவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை, ஊருக்கு ஆகிவிடுகிறது.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, விற்பவர் கையில் கொடுத்த அச்சிட்ட வரைபடத்தை அன்று, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண்ணோடு கூடிய வரைபடத்தை. இரண்டும் சில இடங்களில் வேறுபடும். அந்த ஒப்புதல் எண் உங்கள் கிரையப் பத்திரத்தில் இருக்கும். அடுத்து, பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். அதற்குப் பிறகு அதே நிலத்துக்குக் கிரையம் ஏதும் பதிவாகியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். வரைபடத்தின் நகலை ஊராட்சி அலுவலகம் தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தானப் பத்திரம் இருந்தால் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். பத்திரமே எழுதப்படாமல் விட்டிருந்தால் வேலை கடினம். அப்போது ஒப்புதல் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதே நல்லது. 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேலே சொல்லியிருக்கிறேன், அவரிடம் அதைக் குறிப்பிடுங்கள்.

கிராம சபையையும் விடாதீர்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். மனை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பேசாமல், குடும்பத்தோடு ஒன்றாகச் சென்று, பூங்கா நிலத்தின் சர்வே எண்ணையும் பரப்பையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லிக் கையொப்பமிடுங்கள். தீர்மான நகலையும், வேலி போட்ட இடத்தின் படத்தையும் எனக்கு அனுப்பினால், அடுத்த படி என்ன என்பதை இதே பக்கத்தில் எழுதுகிறேன்.